37.5 சுற்றில் கேட்ட ஸ்லெங் டெங்

போன ஞாயிறு மாலை, ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிளின் சுழல்தட்டு ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி, ஃபோனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு எண்ணினேன். 7 அங்குல ரெக்கார்டு நிமிடத்துக்கு 45 முறை சுற்ற வேண்டும். 45 சுற்றுக்கு 60 நொடி. நம்பிக்கை வராமல் 90 சுற்று எண்ணினேன். 120 நொடி. இந்த எண்ணுக்கு வந்து சேர மூன்று மாதமும் இரண்டு புல்லிகளும் ஆயின. அதில் முதல் ஒரு மாதம் நான் எதையுமே சரிசெய்யவில்லை, தப்பான வேகத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வேலை விஷயமாக கிங்ஸ்டனுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஜமைக்காவில் இருந்துகொண்டு ரெக்கார்டு வாங்காமல் இருப்பது, மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப்பூ வாங்காமல் இருப்பது மாதிரி. ஆரஞ்சு தெருவில் ஒரு காலத்தில் வரிசையாக ரெக்கார்டு கடைகள் இருந்தன. இப்போது மிச்சமிருப்பவை சொற்பம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு 7 அங்குலத் தட்டுகளை வாங்கிப் போட்டேன். வீட்டில் டர்ன்டேபிள் இல்லை என்பது பற்றி அப்போது கவலைப்படவில்லை.

வாங்கியதில் நான்கு, ஸ்லெங் டெங் ரிடிமில் பாடப்பட்டவை. வெய்ன் ஸ்மித்தின் 'அண்டர் மி ஸ்லெங் டெங்', டெனர் ஸாவின் 'பம்ப்கின் பெல்லி', ஜானி ஆஸ்போர்னின் 'படி பை', ஜான் வெய்னின் 'கால் த போலீஸ்'. கடைசி ஆள் கௌபாய் படக் கதாநாயகன் இல்லை, அந்தப் பெயரை வைத்துக்கொண்ட டீஜே. இந்த ஊரில் டீஜே என்றால் மைக் பிடித்துத் தாளத்தில் பேசிப் பாடுகிறவர். ரெக்கார்டு போடுகிறவருக்குப் பெயர் செலக்டர்.

ரிடிம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் மெட்டு ஒன்றாக இருக்கும், வரியை மாற்றிப் பாடுவார்கள். இங்கே மெட்டும் வேறு, வரியும் வேறு, பாடகரும் வேறு. அடியில் ஓடுகிற பேஸ் என்ற கனத்த கீழ்ச்சுரமும் டிரம்மும் மட்டும் ஒன்று. அதற்குத் தனிப் பெயர் உண்டு. ஒரு ரிடிம் பிடித்துப்போனால் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையில் நின்று அதன்மேல் குரல் கொடுப்பார்கள். ரெக்கார்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் வெறும் ரிடிம்தான் இருக்கும், லேபிளில் 'வெர்ஷன்' என்று போட்டிருக்கும். ஆடல் நடக்கும் இடத்தில் செலக்டர் ஒரே ரிடிமின் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் அறுபடாமல் கோத்துப் போடுவார். அதற்கு ஜக்ளிங் என்று பெயர். என் திட்டமும் அதுதான். நான்கு பாட்டையும் கோத்து ஒரு பதினைந்து நிமிடப் பதிவு. அவ்வளவே.

டர்ன்டேபிள் மயாமியில் கிடைத்தது. ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார், 60 அமெரிக்க டாலர். எழுபதுகளில் செய்த பெல்ட் டிரைவ் (மோட்டார் தண்டில் மாட்டிய புல்லி ஒரு பெல்ட்டால் சுழல்தட்டைச் சுற்றும் வகை), மரப்பெட்டி, கனத்த உலோகச் சுழல்தட்டு. அங்கேயே பிளக்கில் போட்டுப் பார்த்தேன், பெல்ட் அறுந்திருந்ததே தவிர மோட்டார் சுற்றியது. சுழல்தட்டைத் தனியாகக் கழற்றி, துணிக்கு நடுவில் சுருட்டி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஜமைக்காவிலும் 110 வோல்ட்தான், பிளக் வடிவமும் அமெரிக்காவில் உள்ளதேதான். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். வோல்ட் பொருந்தியதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டேன், அதுதான் முதல் தப்பு.

முதல் வாரத்து வேலைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. புது பெல்ட் 14 டாலர், தபாலில் வந்தது. பேரிங்கில் பழைய எண்ணெய் மெழுகாக உறைந்திருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மோட்டார் சில நேரம் எதிர்த்திசையில் கிளம்பியது, மோட்டாரை ஒட்டியிருந்த கப்பாசிட்டரை அதே அளவில் மாற்றியதும் நின்றது. கூம்பு முனை ஊசி போட்டு, எடை 2 கிராம் வைத்தேன். பழைய ஜமைக்கா ரெக்கார்டுகள் எத்தனையோ ஊசிகளிடம் அடிபட்டவை. மெல்லிய நீள்வட்ட முனை போட்டால் கீறல் எல்லாவற்றையும் தேடித் தேடிப் படிக்கும்.

பிறகு 'அண்டர் மி ஸ்லெங் டெங்' போட்டேன். பேஸ் யானை நடப்பது போல வந்தது. கனம், மந்தம், அடிவயிற்றில் இறங்குகிறது. அப்படியே சொக்கிப்போனேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், என் காது ஏமாந்ததற்கு அதுதான் காரணம். ஸ்லெங் டெங் பேஸை எந்தக் கலைஞரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசிக்கவில்லை. 1981-இல் வந்த காஸியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில் 'ராக்' என்று ஒரு தானியங்கித் தாளம் உண்டு, அது அப்படியே இதுதான். அதைச் செய்தவர் ஹிரோகோ ஒகுடா. இசைக் கல்லூரி முடித்து காஸியோவில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண், கல்லூரியில் ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். கிங்ஸ்டனில் நோயல் டேவி என்பவரிடம் அந்தக் கீபோர்டு இருந்தது. அவரும் வெய்ன் ஸ்மித்தும் அதை நோண்டிக்கொண்டிருந்தபோது இந்தத் தாளம் மாட்டியது. இருவரும் வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த இசைத் தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமியிடம் எடுத்துப் போனார்கள். ஜாமி செய்த முக்கியமான காரியம், வேகத்தைக் குறைத்தது. துள்ளிக்கொண்டிருந்த ராக் தாளம் இடுப்பில் இறங்கியது. 1985 பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்பியோ சவுண்ட் சிஸ்டத்துக்கும் ஜாமியின் சவுண்ட் சிஸ்டத்துக்கும் நடந்த மோதலில் இதை இறக்கினார். சவுண்ட் சிஸ்டம் என்றால் பெரிய ஸ்பீக்கர்களோடு ஆடல் நடத்தும் குழு, மோதல் என்றால் இரண்டு குழுக்கள் பாட்டுப் போட்டுப் போட்டியிடுவது. அதற்கப்புறம் இந்த ஊரில் பேஸ் வாசிக்கிறவர்களுக்கு வேலை குறைந்துபோனது.

ஆக, 'ஜாமி வேகத்தைக் குறைத்தார்' என்பது என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. மந்தமாகக் கேட்டபோது, இதுதானே அந்தப் புகழ்பெற்ற மந்தம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃபோனில் கேட்டது வேகமாக இருந்ததே என்று ஒரு நொடி தோன்றியது. அது ஏதோ வேறு பிரதி என்று ஒதுக்கிவிட்டேன்.

வேகத்தைச் சோதிக்காமல் விட்டேன் என்று சொல்லிவிட முடியாது. சோதித்தேன், அதுதான் வேடிக்கை. ஸ்ட்ரோப் தட்டு ஒன்றை இணையத்தில் இருந்து இறக்கி அச்சிட்டேன். காகித வட்டத்தின் ஓரத்தில் கருப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். மின்சாரத்தில் ஓடும் விளக்கு ஒரு நொடிக்குள் பல முறை மினுக்கும். வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வீட்டிலிருக்கும் எல்இடி பல்பில் ஒன்றும் தெரியவில்லை. இரவு விளக்காக விற்கும் சின்ன நியான் விளக்கை 600 ஜமைக்க டாலருக்கு வாங்கி, அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். கோடுகள் கல்வெட்டு மாதிரி நின்றன. 45 துல்லியம் என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடியில் கோடும் போட்டேன்.

குட்டு உடைந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரால். வாட்டர்ஹவுஸில் வளர்ந்தவர், எழுபதை நெருங்குகிறார். எனக்கு நாற்பத்தொன்று, ஆனாலும் என்னை 'யூட்மேன்' என்றுதான் கூப்பிடுவார். இளவட்டம் என்று அர்த்தம். இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட மிஞ்சியிருக்கும் ஒரே ஜீவன். ஒரு சனிக்கிழமை 'பம்ப்கின் பெல்லி' ஓடிக்கொண்டிருந்தது. அவர் தகர வேலி ஓரமாக வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"யூட்மேன், யார் பாடுறது?"

"டெனர் ஸா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லை. இது டெனர் ஸாவோட தாத்தா."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெனர் ஸா இதைப் பாடும்போது இருபது வயது ஆகவில்லை. மூக்கில் கட்டி மேலே ஏறுகிற, கொஞ்சம் அழுகை கலந்த குரல் அது. நான் கேட்டுக்கொண்டிருந்ததோ நடுவயதுக்காரர் குரல். ஃபோனில் பாட்டை ஓட்டி, ரெக்கார்டையும் பக்கத்தில் ஓட்டினேன். கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம் இறங்கியிருந்தது. காகிதத் துண்டை ஒட்டி 45 சுற்று எண்ணினேன். 72 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 37.5 சுற்று.

37.5-ஐ 45-ஆல் வகுத்தால் 0.833. ஐம்பதை அறுபதால் வகுத்தாலும் 0.833. சுழல்தட்டைத் தூக்கிவிட்டு மோட்டாரின் அடியில் டார்ச் அடித்தேன். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று அச்சடித்திருந்தது. ஜமைக்காவில் வோல்ட் அமெரிக்கா மாதிரி, ஹெர்ட்ஸ் நம் ஊர் மாதிரி. 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த வகை மோட்டார் வோல்டேஜைப் பார்த்து ஓடுவதில்லை, மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றியது இங்கே 250 சுற்றும்.

அப்படியானால் ஸ்ட்ரோப் கோடு ஏன் நின்றது? அந்தத் தாளை எடுத்து எண்ணினேன். 160 கோடுகள். அமெரிக்கக் கணக்குக்கு வரைந்தது. 60 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 120 முறை மினுக்கும், 45 சுற்றுக்கு 160 கோடு சரி. என் விளக்கு 100 முறைதான் மினுக்குகிறது. அந்த வெளிச்சத்தில் 160 கோடு எப்போது நிற்கும் என்று கணக்குப் போட்டால், துல்லியமாக 37.5 சுற்றில்! மோட்டார் எவ்வளவு பொய் சொன்னதோ, அளவுகோலும் அதே அளவு பொய் சொல்லியிருக்கிறது. இரண்டு பொய்சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் எந்த நீதிபதியும் ஏமாறத்தான் செய்வார். 50 ஹெர்ட்ஸுக்கான தாளில் 45-க்கு 133 கோடுகள் இருக்க வேண்டும். அதை அச்சிட்டேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 133 என்பது முழு எண்ணாக்கியது, உண்மைக் கணக்கு 133.33. அதனால் வேகம் மிகச்சரியாக 45 இருந்தால் கோடுகள் நிற்காது, நிமிடத்துக்குப் பதினைந்து கோடு மெல்லப் பின்னால் நகரும்.

தீர்வுக்கு மூன்று வழி யோசித்தேன். மோட்டாரையே எடுத்துவிட்டு வேகம் திருப்பக்கூடிய டிசி மோட்டார் போடுவது ஒன்று. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நாமே தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கருவி செய்வது இன்னொன்று. மூன்றாவது, மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியைப் பெரிதாக்குவது. இந்த டர்ன்டேபிளுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி அந்தக் காலத்தில் தனியாக விற்றிருக்கிறார்கள், இப்போது தேடினால் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்துகொள்வதுதான் மலிவு என்று முடிவெடுத்தேன்.

வெர்னியரில் பழைய பித்தளைப் புல்லியை அளந்தேன். 45-க்கான படி 23.40 மி.மீ., பெரிய ரெக்கார்டுகளின் வேகமான 33-க்கான படி 17.18 மி.மீ. வேகத்தை 1.2 மடங்கு ஆக்க வேண்டும், விட்டத்தையும் 1.2-ஆல் பெருக்கினேன். 28.08, 20.62. தாளில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஸ்பானிஷ் டவுன் சாலைப் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். தண்ணீர் பம்பு, லாரி பேரிங் எல்லாம் கடைகிற இடம். முன்பக்கம் நின்ற இளைஞன் படத்தை வாங்கிக்கொண்டு, "நாளை வாங்க பாஸ்" என்றான். பாஸ் என்ற சொல் கிங்ஸ்டன் பட்டறைகளிலும் கோயம்புத்தூர் பட்டறைகளிலும் ஒரே தொனியில்தான் வருகிறது. நாளை என்பதும் அப்படியே, நான்கு நாள் ஆனது. அலுமினியம், 6,000 ஜமைக்க டாலர்.

மாட்டி ஓட்டினேன். பெல்ட் பத்து நொடியில் புல்லியின் மேல் விளிம்புக்கு ஏறிக் கழன்றது. மறுபடி போட்டேன், மறுபடி ஏறியது. மோட்டாரைச் சாய்த்துப் பார்த்தேன், பெல்ட்டைத் திருப்பிப் போட்டேன். ஒருவழியாக நின்றதும் ஊசியை வைத்தேன். சுருதி இப்போது சரி, டெனர் ஸா இளைஞராகிவிட்டார். ஆனால் குளிரில் நடுங்கும் இளைஞர். நீட்டிப் பாடும் இடத்திலெல்லாம் குரல் நொடிக்கு நான்கு முறை அதிர்ந்தது. மோட்டார் நிமிடத்துக்கு 250 சுற்று, நொடிக்கு 4.2. ஆக, கோளாறு புல்லியில்தான். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லை, புல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஊசியை நிறுத்தி இடைவெளியைப் பார்த்தேன். கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தது. 133 கோட்டுத் தாளில் நிமிடத்துக்குப் பதினைந்துக்குப் பதில் நாற்பது கோடு பின்னால் போனது, அதாவது 44.8 சுற்று.

இந்தக் கடைசிக் குறை முழுக்க என்னுடையது. பெல்ட்டுக்குத் தடிமன் உண்டு என்பதை மறந்துவிட்டேன். பெல்ட் 0.6 மி.மீ. புல்லியைச் சுற்றும்போது அதன் நடுப்பகுதிதான் கணக்கு. எனவே உண்மையான விட்டம் 23.40 இல்லை, 24.00. அதன் 1.2 மடங்கு 28.80. அதிலிருந்து பெல்ட்டைக் கழித்தால் கடைய வேண்டியது 28.20. நான் கொடுத்தது 28.08. ஒரு தலைமுடிக்கும் கொஞ்சம் அதிகமான வித்தியாசம், ஆனால் நூற்றுக்கு 0.4. சோதனைக்காக செல்லோடேப்பை ஒரு சுற்று ஒட்டினேன். டேப் 0.05 மி.மீ. தடிமன், இரு பக்கமும் சேர்ந்து விட்டம் 0.1 ஏறியது. கோடுகள் கிட்டத்தட்டச் சரியான வேகத்தில் நகர்ந்தன. இரண்டு நாளில் வெக்கைக்கு டேப் பசை இளகி, பெல்ட்டெல்லாம் பிசுபிசுப்பானது. உண்மையில் 0.4 சதவீதத்தை வேலி ஓரம் நிற்கும் பெரியவரின் காதால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. நடுக்கம்தான் நிஜப் பிரச்சினை. இருந்தாலும் கணக்குத் தப்பு என்று தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை.

இரண்டாவது முறை பழைய பித்தளைப் புல்லியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் முறையே அதைச் செய்திருக்க வேண்டும். இந்தத் தடவை உள்ளேயிருந்து பட்டறைக்காரப் பெரியவரே வந்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. பழைய புல்லியை வாங்கி, கட்டைவிரல் நகத்தை அதன் முதுகில் மெதுவாக ஓட்டினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நடுவில் லேசாக மேடு தட்டியது. தட்டையாகத் தெரிந்த பரப்பு, பீப்பாய் மாதிரி நடுவில் ஒரு மயிரிழை உப்பியிருக்கிறது. பெல்ட் எப்போதும் மேடான இடத்தைத் தேடி ஏறும், மேடு நடுவில் இருந்தால் நடுவிலேயே நிற்கும். நான் வரைந்தது தட்டைப் புல்லி. அந்தப் பையன் படத்தில் இருந்தபடியே கடைந்திருக்கிறான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆட்டத்துக்குக் காரணத்தையும் அவரே சொன்னார். துளையை ஒரு பக்கம் பிடித்துப் போட்டுவிட்டு, திருப்பி மாட்டி வெளிப்பக்கத்தைக் கடைந்தால் இரண்டு மையமும் ஒன்றாக வராது. இந்த முறை லேத்தின் பிடிப்பானான சக்கில் ஒரே பிடியில் துளை போட்டு, ரீமரால் துளையைச் சீராக்கி, இரண்டு படியையும் கடைந்து, கடைசியில் அரத்தாலும் உப்புத்தாளாலும் மேட்டை உருவாக்கி, அப்புறம்தான் துண்டித்து எடுத்தார். நடுமேட்டில் 28.20. பித்தளை. 4,500 டாலர் கேட்டார், 5,000 கொடுத்தேன்.

வேலை நடக்கும்போது எதற்கு என்று கேட்டார். ஸ்லெங் டெங் என்றதும் லேத் சத்தத்துக்கு மேலே அந்த பேஸை வாயாலேயே வாசித்துக் காட்டினார். ஜாமிக்குக் குருவாக இருந்த ஒலிக்கலைஞர் கிங் டப்பியும் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர்தான், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவர். இந்த ஊர் இசை பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர்கள் கையில் உருவானது. எனவே லேத்துக்காரர் பேஸ் பாடியதில் ஆச்சரியமில்லை.

அவரிடமே மிச்சத் துண்டில் இன்னொன்றும் கடைந்து வாங்கினேன். ஜமைக்கா 45-களின் நடுத்துளை பெரியது, 38 மி.மீ. டர்ன்டேபிள் நடுவில் இருப்பது மெல்லிய கம்பி, இடையில் ஒரு வில்லை வேண்டும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வில்லை துளையை இறுக்கிப் பிடிக்கும். அதில் ஒரு வம்பு. பல ரெக்கார்டுகளில் துளையே மையத்தில் இருக்காது. ஊசி இடமும் வலமும் ஊசலாடும், பாட்டு அலையடிக்கும். என் 'படி பை' அந்த ஜாதி. அதனால் வில்லையை வேண்டுமென்றே 37.5 மி.மீ. கடையச் சொன்னேன். ரெக்கார்டைத் தளர்வாக வைத்து, ஓடவிட்டு, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்று பார்த்து, நிறுத்தி, விரலால் ஒரு தட்டு. மறுபடி ஓட்டம், மறுபடி ஒரு தட்டு. நாலைந்து முறையில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. இந்த மொத்த வேலையிலும் நான் யோசித்து உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

ரெக்கார்டுகளைக் காய்ச்சி வடித்த தண்ணீரில், சில சொட்டு ஆல்கஹாலும் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, மென்மையான தூரிகையால் கழுவினேன். லேபிளில் படாமல் ஒரு வட்டத் துணி. காய்ந்ததும் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் எட்டுப் பக்கங்களையும் பதிவு செய்தேன்.

கோர்ப்பது அரைமணி வேலை என்று நினைத்தேன். ஒரே ரிடிம், ஒரே டர்ன்டேபிள், அப்படியே ஒட்டிவிடலாம் என்று. ஒட்டவில்லை. வெய்ன் ஸ்மித் முடிந்து டெனர் ஸா தொடங்கும் இடத்தில் இரண்டு தாளத்தையும் எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று ஓட்டினால், மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே டிரம் இரட்டையாகக் கேட்டது. புல்லி மேல் சந்தேகப்பட்டு மறுபடி கோடுகளைப் பார்த்தேன், புல்லி குற்றமற்றது. தட்டுக்குத் தட்டு வேகம் ஒரு இம்மி வேறுபடுகிறது. ஒரே வேகத்தில் பதிந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டது நான்தான். செலக்டர்கள் இதை விரல் நுனியால் சுழல்தட்டின் ஓரத்தைத் தடவியே சரிக்கட்டுவார்கள். நான் மவுஸால் நீட்டிச் சுருக்கிச் செய்தேன். அதற்கு இரண்டு இரவு போனது.

அந்த இரண்டு இரவிலும் ரிடிமைவிடக் குரல்களைத்தான் அதிகம் கேட்டேன். பேஸ் நூறு முறை ஓடியதும் காதில் விழாமல் போய்விடுகிறது, ஃபேன் சத்தம் மாதிரி. வெய்ன் ஸ்மித் பேஸோடு சேர்ந்து நடக்கிறார், அது காலெடுத்து வைக்கும் இடத்தில் இவரும் வைக்கிறார். கொக்கெய்ன் வேண்டாம், கஞ்சா போதும் என்பதுதான் பாட்டின் சாரம். ஸ்லெங் டெங் என்பதே அதற்கு ஒரு செல்லப்பெயர். கஞ்சா என்ற சொல்லே 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த இந்தியர்களோடு கப்பலேறி வந்தது என்பார்கள். கடையில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் ஊர் ஞாபகம் வரும், தப்பான காரணத்துக்காக. டெனர் ஸா பேஸைக் கண்டுகொள்வதே இல்லை. அது பாட்டுக்குக் கீழே ஓடட்டும் என்று மேலே தனியாக மிதக்கிறார். பூசணிக்காய் வயிற்றுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்ற இந்த ஊர்ப் பழமொழியில் இருந்து வந்தது அவர் தலைப்பு. இளநீரை வைத்து விடுகதை போடுகிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். ஜானி ஆஸ்போர்ன் அறுபதுகளிலேயே பாட வந்தவர், உண்மையான இசைக்குழுக்களோடு பாடிப் பழகியவர். கீபோர்டு தாளத்தின்மேல் பாடும்போது பின்னால் பத்து பேர் வாசிப்பது போன்ற நிதானம் அவரிடம் இருக்கிறது. என் ஓட்டு அவருக்குத்தான். ஜான் வெய்னைக் கடைசியில் வைத்தேன். அந்த ரெக்கார்டில் கீறல் அதிகம், நடுவில் ஓர் இடத்தில் குதிக்கிறது. குதித்த இடத்தை வெட்டி, பின்பக்க வெர்ஷனில் இருந்து இரண்டு ஆவர்த்தனம் எடுத்து ஒட்டினேன். ஒரே ரிடிம் என்பதால் தையல் தெரியவில்லை. பின்பக்கத்தை நிரப்ப மட்டும்தான் வெர்ஷன் என்று எண்ணியிருந்தேன்.

செலவு: டர்ன்டேபிள் 60, பெல்ட் 14, ஊசி 25, மூன்றும் அமெரிக்க டாலர். புல்லி இரண்டும் சேர்த்து 11,000, நியான் விளக்கு 600, கப்பாசிட்டரும் ஆல்கஹாலும் 1,800, ரெக்கார்டு நான்கும் 6,500, எல்லாம் ஜமைக்க டாலர். முதல் புல்லியின் 6,000 படிப்புக் கட்டணம்.

மறுபடி செய்வதாக இருந்தால் முதல் நாளே மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிப்பேன். ஸ்ட்ரோப்பைத் தொடுவதற்கு முன்னால் காகிதத் துண்டும் கடிகாரமும் வைத்து எண்ணுவேன், கடிகாரம் சுவரிலிருக்கும் மின்சாரத்தைக் கேட்டு ஓடுவதில்லை. பழைய பாகம் இல்லாமல் வெறும் படத்தோடு பட்டறைக்குப் போக மாட்டேன். மோட்டார் இங்கே கொஞ்சம் சூடாகவே ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய சுருளுக்கு 50 ஹெர்ட்ஸ் சுமை அதிகம். ஒரு மணி நேரத்தில் கை வைத்தால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்க வைக்கும் சூடு இல்லை. பெட்டியின் அடியில் நான்கு துளை போட்டிருக்கிறேன். அது போதுமா என்று கோடையில்தான் தெரியும். டோன்ஆர்மை மெதுவாக இறக்கும் நெம்புகோல் இன்னும் சரியாகவில்லை. உள்ளே இருக்க வேண்டிய கெட்டி சிலிக்கான் எண்ணெய் வற்றிவிட்டது, இறக்கினால் தொப்பென்று விழுகிறது.

ஞாயிறு மாலை 45 சுற்று எண்ணி முடித்த கையோடு 'பம்ப்கின் பெல்லி' போட்டேன். பதிவு செய்ததை இல்லை, ரெக்கார்டையே. ஜன்னலைத் திறந்து வைத்தேன். முதல் வரி முடிவதற்குள் வேலித் தகரத்தில் டமடமவென்று இடி. இந்த ஊர் ஆடல் களத்தில் தகரத்தை அப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: நிறுத்து, முதலில் இருந்து போடு.

"புல் அப், யூட்மேன்!"

நெம்புகோலை நம்பாமல், விரலாலேயே ஊசியைத் தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.